மணல் திட்டுகளை அளந்த மாலுமி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கடல் நீர் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது என்பதையும், அதற்கு நிலவின் ஈர்ப்பும் கதிரவனின் ஈர்ப்பும் காரணம் என்பதையும் பள்ளிப் பருவத்திலேயே படித்து மதிப்பெண் வாங்கியவன் நான். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் ஏற்றம் மிகும். அரைநிலா நாள்களில் குறையும். ஓதம் என்றால் இவ்வளவுதான் என்று எண்ணியிருந்தேன். அந்த ஏற்ற வற்றத்தை மட்டுமே நம்பி, வற்றினால் கால் நனையாமல் நடந்து போகக்கூடிய கால்வாய்களில் பாய்ப்படகு செலுத்திய ஒருவர் இருந்தார் என்பதை, நம் கல்லூரி நூலகத்தில் கிடைத்த பழைய ஆங்கில நாவல் ஒன்று எனக்குக் காட்டியது. என் வீட்டில் எனக்கு முன் கல்லூரி வாயிலை மிதித்தவர் எவருமிலர். ஆங்கில நாவலை எப்படிப் படிப்பது என்று கேட்க ஆளில்லாமல், அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு மாத காலம் அதனோடு மல்லுக்கு நின்றேன். உண்மையைச் சொன்னால், கதையைவிட அதனுடன் இருந்த கடல் வரைபடங்களே என்னை முதலில் ஈர்த்தன. பிறகுதான் ஆசிரியர் யார் என்று தேடத் தொடங்கினேன். தேடத் தேட, அவர் எழுதிய கதையைவிட அவர் வாழ்ந்த கதையே பெரிதாகத் தோன்றியது.

அவர் பெயர் இராபர்ட் எர்ஸ்கின் சில்டர்ஸ். 1870ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தவர். தந்தையார் இராபர்ட் சீசர் சில்டர்ஸ் நம் அண்டை நாடான இலங்கையில் அரசுப் பணி ஆற்றியவர்; பாலி மொழிக்கு ஆங்கிலத்தில் பேரகராதி தொகுத்து 1872இலும் 1875இலும் இரு பகுதிகளாக வெளியிட்ட அறிஞர். புத்த சமய நூல்களைக் கற்போர் இன்றும் அறிந்த பெயர் அது. ஆனால் 1876இல் காசநோய் அவரைக் கொண்டு சென்றது. அப்போது எர்ஸ்கினுக்கு வயது ஆறு. அதே நோய் தாயையும் பற்றிக்கொண்டது. குழந்தைகளுக்குத் தொற்றிவிடும் என்று அன்னையைத் தனியே மருத்துவ இல்லத்தில் வைத்துவிட்டனர். சில ஆண்டுகளில் அவரும் மறைந்தார். ஐந்து குழந்தைகளும் தாய் வழி உறவினரான பார்ட்டன் குடும்பத்தாரிடம், அயர்லாந்தின் விக்லோ மாவட்டத்தில் இருந்த கிளெண்டலாக் இல்லத்தில் வளர்ந்தனர். பிறப்பால் ஆங்கிலேயர், வளர்ப்பால் அயர்லாந்துக்காரர். இந்த இரட்டை நிலையே பிற்காலத்தில் அவர் உயிருக்கு உலையாயிற்று.

கேம்பிரிட்ஜில் பயின்று, 1895இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்கள் அவையில் எழுத்தர் பணியில் சேர்ந்தார். மூக்குக் கண்ணாடி அணிந்தவர். ஒரு கால் சற்றே நொண்டும். நாள் முழுதும் சட்ட முன்வரைவுகளைப் படிக்கும் வேலை. இப்படிப்பட்டவர் அவைக்கு விடுமுறை விட்டதும் சிறு படகொன்றில் ஏறி வடகடலுக்குப் போய்விடுவார் என்றால், உடன் பணியாற்றியவர்களே நம்பியிருக்க மாட்டார்கள்!

1897ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 'விக்சன்' என்னும் முப்பதடிப் படகில் அவர் புறப்பட்டார். அவருடைய சகோதரர் ஹென்றியும் இப்பயணத்தில் பங்கு கொண்டார். அழகான படகன்று. பழைய உயிர்காப்புப் படகு ஒன்றை மாற்றி, மேல்தளமும் சிறு அறையும் கட்டியது. ஆனால் அதன் அடிப்பாகம் தட்டையானது. அடிவயிற்றில் ஓர் இரும்புத் தகடு உண்டு. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு விலகாமலிருக்க அதைக் கீழே இறக்கலாம். நீர் குறைந்த இடத்தில் மேலே தூக்கிக்கொள்ளலாம். அவர் சென்ற இடத்திற்கு இதைவிடப் பொருத்தமான படகு இருக்க முடியாது.

அந்த இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஜெர்மனியின் வடமேற்குக் கரைக்கு எதிரே மேற்கிலிருந்து கிழக்காகப் போர்க்கும், யூயிஸ்ட், நோர்டெர்னை, பால்ட்ரும், லாங்கெயோக், ஸ்பீக்கெரோக், வாங்கெரோகே என ஏழு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. கிழக்குப் பிரீசியத் தீவுகள் என்பது அவற்றின் பெயர். தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே சில கிலோமீட்டர் அகலக் கடல். கடல் என்று சொல்வதும் பாதிதான் பொருந்தும். ஏற்றத்தின்போது அது ஏரி போல் விரிந்து கிடக்கும். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறும் மணலும், நடுவே பாம்பு போல் வளைந்தோடும் சில ஓடைகளும் மட்டுமே இருக்கும். ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ இரண்டரை மீட்டர்.

இரு தீவுகளுக்கு இடையே உள்ள வாயில்கள் ஆழமானவை. ஏற்றம் தொடங்கியதும் கடல் நீர் அவ்வாயில்களின் வழியே பாய்ந்து தீவின் பின்புறம் பரவும். ஒரு தீவின் மேற்கு முனை வழியே வரும் நீரும் கிழக்கு முனை வழியே வரும் நீரும் அதன் முதுகுப்புறத்தில் ஓரிடத்தில் சந்தித்து ஓய்ந்து நிற்கும். ஓய்ந்த நீர் தான் சுமந்து வந்த மணலை அங்கேயே போட்டுவிடும். ஆகவே அவ்விடம்தான் வழியிலேயே மிக உயர்ந்த மேடு. தீவின் பின்புறமாகப் படகு செலுத்துவோன் கடக்க வேண்டிய கண்டம் அதுவே.

இனி, கடக்கும் கணக்கு. படகு நீரில் எவ்வளவு அமிழும் என்பது தெரியும். மேட்டின் உயரம் வரைபடத்தில் ஏறக்குறையத் தெரியும். எந்த மணிக்கு நீர் எவ்வளவு உயர்ந்திருக்கும் என்பதே கேள்வி. மாலுமிகள் இதற்குப் 'பன்னிரண்டில் பங்கு' என்று ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள். மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று, ஐந்தாம் மணியில் இரண்டு, ஆறாம் மணியில் ஒன்று. மொத்த ஏற்றம் 2.4 மீட்டர் என்று கொண்டால் முதல் மணியில் 20 சென்டிமீட்டர்தான் உயரும். மூன்றாம் மணியிலோ 60 சென்டிமீட்டர். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லி மாளாது. நாம் ஆய்வகத்தில் ஊசலைக் கட்டி ஆட்டிப் படித்தோமே, அந்தத் தனிச் சீரிசை இயக்கம்தான் இது! நடுவில் வேகம், இரு முனைகளிலும் தயக்கம். படிப்பறிவில்லாத கடலோடிகள் சைன் வளைகோட்டை விரல் விட்டு எண்ணி வைத்திருந்தார்கள்.

கணக்குத் தெரிந்தால் போதுமா? போதாது. ஏற்றத்தோடு புறப்பட்டு, ஏற்றம் முடியச் சுமார் ஒரு மணி நேரம் இருக்கும்போதே மேட்டை அடைய வேண்டும். அப்போது தரை தட்டினாலும் கவலையில்லை. நீர் இன்னும் ஏறும். படகு தானே மிதந்துவிடும். மேட்டைத் தாண்டிவிட்டால் மறுபுறம் வற்று நீர் நம்மைச் சுமந்துகொண்டு அடுத்த வாயிலுக்கு இறங்கும். போகும்போதும் நீரோட்டம் துணை, இறங்கும்போதும் துணை. ஆனால் உச்சி ஏற்றம் கழிந்த பிறகு அங்கே போய்த் தட்டினால் கதை வேறு. அடுத்த ஏற்றம் வரப் பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் மணலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் அமாவாசை ஏற்றத்தின் உச்சியில் ஏறி மாட்டிக்கொண்டால், அடுத்தடுத்த ஏற்றங்கள் ஒவ்வொன்றும் தாழ்ந்துகொண்டே போகும். பௌர்ணமி வரை ஏறக்குறைய இரு வாரம் காத்திருக்க நேரலாம்.

காற்றும் கணக்கைக் கெடுக்கும். அக்கரையில் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வலுத்து வீசும் காற்று நீரைக் கரைநோக்கிக் குவிக்கும். கீழ்க்காற்று நீரை வெளியே தள்ளிவிடும். கீழ்க்காற்று நாள்களில் அட்டவணை சொல்லும் ஆழம் அங்கே இராது. வரைபடத்தையும் முழுதாக நம்பலாகாது. குளிர்காலப் புயல் ஒன்று போதும், ஓடை இடம் மாறிவிடும். அதனால் அப்பகுதி மக்கள் வழியின் ஓரமாகப் பிர்ச் மரத்தின் இளங்கழிகளைச் சேற்றில் வரிசையாக நட்டு வைக்கிறார்கள். குளிர்காலப் பனிக்கட்டிகள் அவற்றை முறித்துக்கொண்டு போய்விடும். இளவேனிலில் மீண்டும் நடுவார்கள். செயற்கைக்கோள் வழிகாட்டும் இக்காலத்திலும் அந்தக் கழிகள் நடப்படுகின்றன.

கழி கண்ணுக்குத் தெரியாதபோது கைதான் வழிகாட்டி. அடி அளவு குறித்த நீண்ட கோலைத் தரையில் ஊன்றிப் பார்ப்பார்கள். ஆழம் மிகுந்த இடத்தில் ஈயக் குண்டு கட்டிய கயிறு. கயிற்றில் தோலும் துணியும் முடிந்திருக்கும். இருட்டில் தடவியே ஆழத்தைச் சொல்லிவிடலாம். ஈயக் குண்டின் அடியில் ஒரு குழிவு உண்டு. அதில் கொழுப்பைத் தடவி இறக்கினால் அடித்தரையின் சேறோ மணலோ சிப்பியோ ஒட்டிக்கொண்டு வரும். வரைபடத்தில் அவ்விடத்தில் என்ன தரை என்று எழுதியிருக்கிறதோ அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வளைவுகளில் வெளிக்கரையை ஒட்டியே ஆழம் இருக்கும் என்பதை ஆற்றங்கரையில் வளர்ந்தவர் எவரும் சொல்வர். பாயைக் குறைத்து மெல்லச் செல்ல வேண்டும். வேகமாகத் தட்டினால் படகு மேட்டின்மேல் ஆழமாக ஏறிவிடும். இங்கேதான் 'விக்சன்' படகின் இரும்புத் தகடு பயன் தந்தது. தரையை முதலில் தொடுவது தகடுதான். தொட்டது தெரிந்ததும் அதைத் தூக்கிவிட்டால், திரும்பிவரப் போதுமான நீர் படகின் அடியில் மிச்சமிருக்கும். அப்படியும் சிக்கிவிட்டால், சிறு தோணியில் ஒரு சிறு நங்கூரத்தை ஏற்றிக்கொண்டு ஆழமான பக்கமாகப் போய்ப் போட்டுவிட்டு, படகிலிருந்து அதன் கயிற்றை இழுக்க வேண்டும். நங்கூரம் அசையாது, படகு நகரும். அதுவும் பலிக்காவிட்டால் தேநீர் வைத்துக் குடிக்கலாம். அடி தட்டையான படகு மணலில் நிமிர்ந்து அமரும். கூர் அடியுள்ள படகாயின் சரிந்து விழுந்து, திரும்பி வரும் நீர் உள்ளே புகுந்துவிடவும் கூடும்.

சில்டர்ஸ் இவற்றையெல்லாம் பேராசிரியரிடம் கற்கவில்லை. தட்டித் தட்டிக் கற்றார்; கற்றதைப் பயணக் குறிப்பேட்டில் அன்றன்றே எழுதி வைத்தார். 1900இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போருக்குத் தொண்டராகச் சென்று பீரங்கிப் படையில் குதிரை ஓட்டியபோதும் அவர் மனம் அந்த மணல் திட்டுகளிலேயே இருந்திருக்க வேண்டும். 1903இல் 'மணல்வெளியின் புதிர்' என்று நாம் தமிழில் சொல்லத்தக்க அந்த நாவல் வெளிவந்தது. டேவிஸ், கரூதர்ஸ் என்னும் இரு இளைஞர்கள் சிறு படகில் அத்தீவுகளினூடே சுற்றி, அந்த ஆழமற்ற கால்வாய்களிலிருந்து இங்கிலாந்தின் மீது படையெடுக்க ஜெர்மனி செய்யும் இரகசிய ஏற்பாட்டைக் கண்டறிவது கதை. கதையின் உச்சம் துப்பாக்கிச் சண்டையன்று. மூடுபனியில் கைக்கெட்டிய துடுப்பே தெரியாத ஒரு நாளில், நோர்டெர்னையிலிருந்து மெம்மெர்ட் என்னும் மணல் தீவுவரை, திசைகாட்டியும் கடிகாரமும் தரையைத் தடவும் கோலும் மட்டுமே துணையாக இருவரும் தோணியில் துடுப்பு வலித்துப் போவதே உச்சம். அந்த அத்தியாயத்தை நான் மூன்று முறை படித்தேன்.

நாவல் இங்கிலாந்தில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. 1910இல் பிராண்டன், டிரெஞ்ச் என்னும் இரு பிரிட்டிஷ் அதிகாரிகள் அதே தீவுகளில் உளவு பார்த்தபோது பிடிபட்டு, ஜெர்மனியில் நான்காண்டுச் சிறைத் தண்டனை பெற்றனர், 1913இல் விடுவிக்கப்பட்டனர். கதையும் உண்மையும் ஒன்றையொன்று துரத்திய காலம் அது.

1903இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்ற சில்டர்ஸ், மேரி ஆல்டன் ஆஸ்குட் என்னும் மாலி அம்மையாரைச் சந்தித்து அடுத்த ஆண்டு சனவரியில் மணந்தார். சிறுவயதில் ஏற்பட்ட இடுப்பு ஊனத்தால் அவ்வம்மையாருக்கு நடப்பதே துன்பம். ஆனால் சுக்கானைப் பிடித்து அமர்ந்துவிட்டால் ஆடவர் எவருக்கும் சளைத்தவரல்லர். பெண்ணின் தந்தை திருமணப் பரிசாகக் கட்டித் தந்த படகு 'ஆஸ்கார்ட்'. ஐம்பத்தோரடி நீளம். நார்வேயின் காலின் ஆர்ச்சர் 1905இல் கட்டியது. வடதுருவத்தை நோக்கிச் சென்ற நான்சென்னின் 'பிராம்' கப்பலைக் கட்டியவரும் இவரே.

இனி வருவது எனக்குச் சற்றுத் தயக்கம் தரும் பகுதி. அயர்லாந்திற்குத் தன்னாட்சி வேண்டும் என்ற கருத்து சில்டர்ஸ் உள்ளத்தில் வளர்ந்தது. 1910இல் அவைப் பணியைத் துறந்தார். 1911இல் அதுபற்றி ஒரு நூலும் எழுதினார். 1914 ஏப்ரலில், தன்னாட்சியை எதிர்த்த அல்ஸ்டர் தரப்பினர் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை இரகசியமாக இறக்கிக்கொண்டனர். அதற்கு விடையாக மறுதரப்பினருக்கும் துப்பாக்கி கொண்டுவர முடிவாயிற்று. சில்டர்ஸ் தம் திருமணப் பரிசுப் படகைக் கொடுத்தார், தாமே செலுத்தினார். மனைவி மாலி, மேரி ஸ்பிரிங் ரைஸ் அம்மையார், நண்பர் கார்டன் ஷெபர்டு, டோனகால் பகுதி மீனவர் இருவர் ஆகியோர் உடன் சென்றனர். ஜூலை 12ஆம் நாள் பெல்ஜியக் கரைக்கு அப்பால் ஒரு ஜெர்மன் இழுவைக் கப்பலிலிருந்து 900 துப்பாக்கிகளை ஏற்றிக்கொண்டனர். அறைகளெங்கும் துப்பாக்கி, அவற்றின்மேல் மெத்தையை விரித்துப் படுத்தனர். இரவில் பயிற்சி செய்துகொண்டிருந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் நடுவே புகுந்து, ஒன்றோடு மோதாமல் நூலிழையில் தப்பினர். அயர்லாந்துக் கடலில் கடும் புயல்; அவ்விரவு சில்டர்ஸ் சுக்கானை விட்டு அகலவில்லை.

ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை நண்பகல். டப்ளினுக்கு அருகிலுள்ள ஹௌத் துறைமுகம். வழி சரியாக இருக்கிறது என்று அறிவிக்க வரவேண்டிய விசைப்படகு வரவில்லை. இருந்தும் ஆஸ்கார்ட் குறித்த வேளையில் உள்ளே நுழைந்தது. மாலி அம்மையார் கையில் சுக்கான். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1914 ஆகஸ்டு 21இல் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. ஐன்ஸ்டீனின் கொள்கையைச் சோதிக்க ஜெர்மன் வானியலார் இரஷியாவிற்குச் சென்று போரில் சிக்கிக்கொண்டது அக்கிரகணத்தில்தான். அதிலிருந்து இருபத்தொன்பதரை நாள் பின்னோக்கி எண்ணினால் அமாவாசை ஜூலை 23. ஆக, ஹௌத் நாள் அமாவாசை கழிந்த மூன்றாம் நாள். நீர் நன்கு பெருகும் நாள். டப்ளின் பக்கத்தில் அமாவாசையை ஒட்டிய உச்சி ஏற்றம் நண்பகலைச் சுற்றியே வரும். பாரம் மிகுந்த படகு ஏறுகின்ற நீரோடு துறைக்குள் வந்திருக்கிறது! பிரீசியத் தீவுகளில் கற்ற பாடத்தை அவர் மறக்கவில்லை.

அரை மணி நேரம் போல ஆயிற்று, துப்பாக்கிகள் கைமாறின. ஆனால் அன்று மாலை டப்ளின் தெருவில் ஏளனம் செய்த கூட்டத்தின்மீது படைவீரர்கள் சுட்டதில் மூவர் மாண்டனர். அத்துப்பாக்கிகளில் பல 1916 எழுச்சியில் முழங்கின. அப்படகோட்டத்தின் திறமையைப் போற்றும் நான், அதன் சுமையைப் போற்றலாமா? எழுச்சியில் இறந்தோர் இருதரப்பிலும் உண்டு. இதற்கு என்னிடம் விடையில்லை.

வேடிக்கை என்னவெனில், அடுத்த மாதமே மூண்ட உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை அவரை அழைத்துக்கொண்டது. பிரீசியக் கரையை அவர்போல் அறிந்தவர் யார்? 1914 டிசம்பர் 25ஆம் நாள் குக்ஸ்ஹாபன் மீது நடந்த விமானத் தாக்குதலில், நாற்பத்து நான்கு வயதில், கடல் விமானத்தில் வழிகாட்டியாக அமர்ந்து, தாம் கோல் ஊன்றி அளந்த கரையோரத்தின்மீதே பறந்தார். பின்னர் வீரப் பதக்கமும் பெற்றார்.

போர் முடிந்ததும் குடும்பத்துடன் டப்ளினில் குடியேறி, அயர்லாந்துக் குடியரசுக்கே தம்மை ஒப்படைத்தார். 1921இல் அந்நாட்டு அவை உறுப்பினரானார். இலண்டனில் நடந்த உடன்படிக்கைப் பேச்சுக்குச் செயலாளராகவும் சென்றார். டிசம்பரில் கையெழுத்தான உடன்படிக்கை பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசம் கோரியதால் அதை எதிர்த்தார். நேற்று வரை ஒன்றாக நின்றவர்கள் 1922இல் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர். இங்கிலாந்தில் சர்ச்சில் அவரைத் துரோகி என்று தூற்றினார். அயர்லாந்தில் ஆட்சியிலிருந்தோர் அவரை ஆங்கிலேயன் என்று இகழ்ந்தனர். மணல் திட்டில் ஒரு முறை கோல் தரை தட்டினால் படகைத் திருப்பத் தயங்காத மனிதர், அரசியலில் ஓரங்குலமும் திரும்ப மறுத்துவிட்டார். அது பிடிவாதமா, நேர்மையா என்று விடுதி அறையில் நண்பனுடன் இரவெல்லாம் வாதிட்டிருக்கிறேன். நான் நேர்மை என்றேன், அவன் ஒப்பவில்லை.

1922 நவம்பர் 10ஆம் நாள், தாம் வளர்ந்த கிளெண்டலாக் இல்லத்திலேயே அரசுப் படையினரிடம் சிக்கினார். கையில் ஒரு சிறு கைத்துப்பாக்கி இருந்தது. நண்பராய் இருந்த காலத்தில் மைக்கேல் காலின்ஸ் தந்த பரிசு அது. காலின்சோ உடன்படிக்கையை ஏற்று மறுதரப்பில் நின்று, அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுடப்பட்டு இறந்திருந்தார். அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரணம் என்பது புதிய அவசர விதி. படை நீதிமன்றம் தண்டனை விதித்தது. மேல்முறையீடு முடியுமுன்பே, நவம்பர் 24ஆம் நாள் டப்ளினின் பெக்கர்ஸ் புஷ் பாசறையில் சுட்டுக் கொன்றனர். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. சுடவந்த இளைஞர் ஒவ்வொருவருடனும் அவர் கைகுலுக்கினாராம். ஓரிரு அடி முன்னே வந்து நின்றால் அவர்களுக்கு எளிதாக இருக்கும் என்றும் சொன்னாராம்.

அதற்கு முன், சிறையில் காணவந்த பதினாறு வயது மகனிடம் ஒரு வாக்குறுதி பெற்றிருந்தார். தம் மரண ஆணைக்குக் காரணமான ஒவ்வொருவரையும் தேடிச் சென்று கைகுலுக்க வேண்டும் என்பதே அது. அந்த மகன் எர்ஸ்கின் ஹாமில்டன் சில்டர்ஸ் 1973இல் அயர்லாந்தின் குடியரசுத் தலைவரானார். மறு ஆண்டு பதவியிலிருக்கும்போதே மறைந்தார்.

ஆஸ்கார்ட் படகை அயர்லாந்து அரசு 1961இல் விலைக்கு வாங்கியது. செப்பனிடப்பட்டு, 2012 முதல் டப்ளினில் தேசிய அருங்காட்சியகத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அருங்காட்சியகம் அமைந்திருப்பது ஒரு பழைய படைப் பாசறையில். அதன் பெயர் காலின்ஸ் பாசறை; கைத்துப்பாக்கியைப் பரிசளித்த அதே மைக்கேல் காலின்சின் பெயர்.